ஏலமலையில் மழலைப் பள்ளி

மூன்று வயது நிரம்பிய குழந்தையைப் பகற்பொழுதில் எங்கே விடுவது என்னும் வினா, பெற்றோர் அனைவருக்கும் ஒரு நாள் எழுந்தே தீரும். சொந்த ஊரில் வாழ்வோருக்கு அஃது அத்துணைக் கடினமான வினா அன்று. வீட்டில் பாட்டி இருக்கிறாள். அண்டை அயலார் இருக்கின்றனர். தெருமுனையில் பால்வாடி இருக்கிறது. அங்குள்ள ஆயாவும் தெரிந்தவளாகவே இருப்பாள். பிழைப்பைத் தேடி வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர்களுக்கோ இதே வினா வேறு வடிவம் கொள்கிறது. ஊர் புதிது, மொழி புதிது, வேலை நேரமோ பிறர் கையில். ஆகவே, எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்பதை அவர்கள் தாமே ஆய்ந்து தெளிய வேண்டியிருக்கிறது. அதற்கு உரிய அளவுகோல் யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும், ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும். கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்தில் அமைந்திருப்பது சாந்தன்பாறை. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை வழியாக இவ்வூரை அடையலாம். சுற்றிலும் ஏலக்காடுகள். அவற்றில் காய் எடுப்போருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். சிலர் தலைமுறை தலைமுறையாக இங்கேயே லயங்களில் குடியிருப்பவர்கள். வேறு சிலர் காய் எடுப்புக் காலத்தில் மட்டும் வந்து தங்குபவர்கள். இன்னும் பலர் நாள்தோறும் விடியற்காலையில் அடிவாரத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் ஏறி வந்து, மாலையில் மலையிறங்குபவர்கள்.

இத்தகைய தாய் ஒருத்தி காலையில் காட்டுக்குள் புகுந்தால், மாலையில்தான் குழந்தையின் முகத்தைக் காண முடியும். அந்த எட்டு மணி நேரம் குழந்தை எங்கே இருக்கிறது? ஏழெட்டு வயது அக்காளின் பொறுப்பில் லயத்தில் விடப்பட்டால், அக்காளின் படிப்புக் கெடுகிறது. தம்பியும் பாதுகாப்பின்றி வளர்கிறான். உடன் அழைத்துச் சென்றால், ஏலச்செடிகளுக்கு அடிக்கடி தெளிக்கப்படும் பூச்சிமருந்தின் நடுவே குழந்தை அமர நேர்கிறது. ஊரில் அப்பத்தாவிடம் விட்டுவந்தால், அன்புக்குக் குறைவில்லை. ஆனால் தாயின் மடி தொலைவாகிவிடுகிறது. ஆகவே இம்மலையில் மழலைப் பள்ளி என்பது வசதியுள்ளோர் விரும்பித் தேடும் அலங்காரப் பொருள் அன்று. உழைக்கும் தாய்க்கு அது சோற்றைப் போன்ற தேவையாகும்.

உண்மையில், மழலைப் பள்ளி என்னும் கருத்து வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், உழைப்பவரின் பிள்ளைகளுக்கும் அதற்கும் உள்ள உறவு விளங்கும். ஜெர்மானியரான பிரோபெல் என்பவர் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். குழந்தைத் தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். தோட்டத் தொழிலாளர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஏலவிதையை நேரே காட்டில் விதைப்பவர் எவரும் இல்லை. நாற்றங்காலில் இட்டு, நிழல் அமைத்து, நீர் தெளித்து, வேர் பிடித்து வளர்ந்த பின்னரே காட்டில் நடுகிறோம். நாற்றைப் பிடித்து இழுத்து உயரமாக்க எவரும் முயல்வதும் இல்லை. குழந்தையின் திறமும் உள்ளிருந்தே வளர்வது. சூழலை அமைத்துத் தருவதே பெரியோர் செய்யத்தக்கது என்பதுதான் பிரோபெல் கண்ட உண்மை.

பின்னர், 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், இத்தாலியத் தலைநகரான ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கிருந்த அடுக்குக் குடியிருப்புகளில் தாய் தந்தையர் இருவரும் வேலைக்குச் சென்றுவிட, கவனிப்பாரற்ற குழந்தைகள் சுவர்களைக் கெடுத்தும் படிக்கட்டுகளில் திரிந்தும் பொழுதைப் போக்கினர். அவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கவே கட்டட உரிமையாளர்கள் விரும்பினார்கள். மருத்துவரான மாண்டிசோரியோ, கைக்கு வேலையும் தாமே செய்து பார்க்க உரிமையும் கிடைத்தால் அப்பிள்ளைகள் வியத்தகு முறையில் கற்கிறார்கள் என்பதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1944 வரை, கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளை ஆராய்ந்தார். கொடைக்கானல் போடிக்கு வடகிழக்கே, இதே மலைத்தொடரின் ஓர் அங்கமாக விளங்குவது என்பதை நினைவிற் கொள்ளலாம்.

மாண்டிசோரியின் முறைக்கு விலையுயர்ந்த மரக்கருவிகள் வேண்டுமே, ஏழை நாட்டுக்கு அவை ஏற்குமா என்ற ஐயம் எழுந்தது. அதற்கு மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த தாராபாய் மோடக் அம்மையார் விடை கண்டார். 1945இல் போர்டி என்னும் சிற்றூரில் அவர் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். கூழாங்கல், விதை, இலை, சிப்பி, களிமண் ஆகியவற்றையே அவர்கள் கற்பிக்கும் கருவிகளாக்கினர். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குச் சென்றது. அங்கன் என்றால் முற்றம். முற்றத்துப் பள்ளி என்னும் இக்கருத்துத்தான் அங்கன்வாடி என்ற பெயரில் இன்று நாடெங்கும் நிலைத்திருக்கிறது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் அடித்தள நிலையமாக அங்கன்வாடி அமைந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. மேற்சொன்ன பெரியோர் எவரும் மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்தைத் திணிக்கவேண்டும் என்று கூறவில்லை. கை வேலை செய்யவேண்டும், கண் காணவேண்டும், வாய் பேசவேண்டும் என்றே கூறினர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்ஸிலாண்டி நகரில், 1962 முதல் 1967 வரை, 123 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் 58 பேருக்கு நல்ல மழலைப் பள்ளி கிடைத்தது, ஏனையோருக்குக் கிடைக்கவில்லை. அப்பள்ளியில், அன்று என்ன செய்யப் போகிறோம் என்று குழந்தையே முதலில் சொல்லும், பிறகு செய்யும், செய்ததை மீண்டும் எடுத்துக் கூறும். ஆசிரியை ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குச் சென்று தாயிடம் பேசுவாள். அக்குழந்தைகளை 40 வயது வரை தொடர்ந்து கவனித்ததில், பள்ளி பெற்றவர்கள் கூடுதலாகப் பொருளீட்டியதும், குற்றங்களில் சிக்குவது குறைந்திருந்ததும் தெரியவந்தன.

இனி, சாந்தன்பாறை போன்ற ஊரில் ஒரு தமிழ்த் தாயின் முன் உள்ள வழிகள் யாவை என்று பார்ப்போம்.

முதலாவது அங்கன்வாடி. இதற்குக் கட்டணம் இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு இங்குக் காலைச் சிற்றுணவும் சூடாகச் சமைத்த உணவும் கிடைக்கவேண்டும். நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் அதில் அடங்கவேண்டும் என அச்சட்டம் 2013இல் இயற்றப்பட்டபோது அளவும் குறித்தது. கேரள அரசு 2022 முதல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் அளித்து வருகிறது. 2025இல் உணவுப் பட்டியலைத் திருத்தி முட்டைப் பிரியாணியையும் அதில் சேர்த்தது. தடுப்பூசியும் எடை பார்த்தலும் இந்நிலையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. வேற்று மாநிலத்தவர் ஆயிற்றே, நம் பிள்ளையைச் சேர்ப்பார்களா என்று தயங்க வேண்டா. குடியிருக்கும் இடத்து அங்கன்வாடியில் இச்சேவைகளைப் பெறுவது குழந்தையின் உரிமை. ஊரில் பெற்ற தாய்-சேய் அட்டையைக் கையோடு கொண்டு சென்றால் போதும். விட்ட தடுப்பூசி எது என்பதும் அதிலிருந்தே விளங்கிவிடும்.

இரண்டாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகம். 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அத்தொகுப்பும், 50 தொழிலாளர் உள்ள தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்ற கருத்தைக் கைவிடவில்லை. ஆனால் ஏலத்தோட்டங்களுள் பெரும்பாலானவை சிறியவை. இவ்விதியின் எல்லைக்குள் வாராதவை. பெரிய தோட்டத்தில் வேலை செய்வோர் தம் சங்கத்தின் வழியாக இதைக் கேட்டறிவது நன்று. காப்பகத்தின் சிறப்பு, வேலை முடியும் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது. அங்கே விளையாட்டும் பேச்சும் உண்டா, அன்றித் தொட்டிலும் தூக்கமும் மட்டுந்தானா என்பதைப் பெற்றோர் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, கடைத்தெருப் பக்கம் தனியார் நடத்தும் ஆங்கில நர்ஸரி. சீருடை, காலணி, வண்டி ஆகியவற்றைக் கண்டதும் பெற்றோர் மனம் அதன்பால் செல்வது இயல்பே. நாம் பட்ட துன்பம் பிள்ளை படலாகாது என்ற ஆசையை எவரும் குறை கூற இயலாது. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆனால் சீருடையைக் கொண்டு பள்ளியை மதிப்பிடுவது, சாக்கின் நிறத்தைக் கொண்டு காயை மதிப்பிடுவதை ஒக்கும். காயைக் கையில் எடுத்துப் பார்த்து, முகர்ந்து, தரம் அறியும் மக்கள், பிள்ளையின் பள்ளியையும் அவ்வாறே உள்ளே சென்று பார்த்தல் வேண்டும்.

எதைப் பார்ப்பது? ஒரு காலை நேரம் கூலியை இழந்தாலும் இழக்கலாம். அந்தப் பள்ளியில் ஒரு மணி நேரம் ஓரமாக அமர அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கும் இடத்தை ஐயத்தோடு நோக்குவதில் தவறில்லை. அமர்ந்த பின், கண்ணைவிடக் காதையே கூடுதலாகப் பயன்படுத்துங்கள். யார் குரல் கேட்கிறது என்று கவனியுங்கள். ஆசிரியையின் குரல் மட்டுமே கேட்கிறதா? முப்பது பிள்ளைகளும் ஒரே ஓசையில் கத்தும் பாட்டு மட்டும் கேட்கிறதா? அன்றி, ஒவ்வொரு குழந்தையின் தனிக்குரலும் கேட்கிறதா? ஒரு குழந்தை ஏதோ சொல்ல, ஆசிரியை குனிந்து அதன் முகம் பார்த்துக் கேட்டு, அதற்கு மறுமொழி கூறி, மேலும் ஒரு வினா எழுப்பினால், அந்த இடத்தில் கல்வி நடைபெறுகிறது என்று துணிந்து கூறலாம். கூட்டமாக ஒப்பிப்பது பேச்சாகாது. தான் நினைத்ததைத் தன் சொல்லில் கூறுவதே பேச்சு. எந்தப் பள்ளியில் குழந்தை மிகுதியாகப் பேசுகிறதோ, அப்பேச்சை ஒருவர் பொறுமையோடு கேட்கிறாரோ, அதுவே நல்ல பள்ளி. இதனை முதல் அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஏனையவை பெரும்பாலும் இதன்கண் அடங்கிவிடும்.

முப்பது பிள்ளைகளுக்கு ஒருவரே இருந்தால், ஒவ்வொருவர் பேச்சையும் கேட்பது இயலாது. எனவேதான் 2013ஆம் ஆண்டின் தேசிய மழலைக் கல்விக் கொள்கை, 3 முதல் 6 வயதுள்ளோரில் 20 குழந்தைக்கு ஒரு பெரியவர் என்றும், 3 வயதுக்குக் கீழ் 10 குழந்தைக்கு ஒருவர் என்றும் வரையறுத்தது. 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறையும், வெளியே 30 சதுர மீட்டர் விளையாட்டிடமும் வேண்டும் என்றும் அது கூறுகிறது. அறை ஏறத்தாழ இருபது அடி நீளமும் அதே அகலமும் இருந்தால் இவ்வளவு நிறைவேறியது எனலாம். காலடியால் அளந்தே அறிந்துகொள்ளலாம்.

அடுத்து மொழியைப் பற்றிக் கூறவேண்டும். வெளிமாநிலத் தமிழருக்கு இதுவே தலையாய சிக்கல். அங்கன்வாடி ஆசிரியை மலையாளத்தில் பேசுவார். மலையாளம் தமிழுக்கு உடன்பிறந்த மொழி. பிள்ளைக்கு எளிதில் விளங்கிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். மூன்று வயதுக் குழந்தைக்கு அவ்வாறு விளங்குவதில்லை. தாகத்தால் தண்ணீர் கேட்கும் பிள்ளையிடம் 'வெள்ளம் வேணோ?' என்று அன்போடு கேட்டாலும், வெள்ளம் என்பது அப்பிள்ளை அறிந்த மட்டில் மழைக்காலத்து ஓடையில் பாய்வது. அழும் பிள்ளையிடம் 'கரயண்டா' என்றால், அழவேண்டாம் என்று தேற்றுவதாக அதற்குத் தெரியாது. பிள்ளை விழிக்கும், பிறகு வாய் மூடும். சில மாதம் சென்றபின், இப்பிள்ளைக்கு அறிவு மந்தம் என்று யாரேனும் கூறிவிடக்கூடும். மந்தம் பிள்ளையிடம் இல்லை. அதன் சொற்களை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததே குறை.

ஆகவே பள்ளியில் சேர்க்கும்போது நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது: 'டீச்சர், என் பிள்ளை ஒண்ணுக்கு வருது என்றோ, வயிறு வலிக்குது என்றோ தமிழில் சொன்னால் உங்களுக்குப் புரியுமா? புரிகிறவர் இங்கே யாராவது இருக்கிறார்களா?' சாந்தன்பாறைப் பக்கத்தில் இரு மொழியும் தெரிந்தவர்கள் மிகப் பலர். ஆசிரியைக்குத் தமிழ் தெரியாவிடினும், சமைக்கும் உதவியாளருக்குத் தெரிந்திருந்தால் முதல் சில மாதங்களுக்கு அதுவே பெருந்துணை. ஆங்கிலப் பாட்டுச் சொல்லித்தரும் பத்துப் பேரைவிட, பிள்ளையின் தாய்மொழி அறிந்த ஒரு ஹெல்ப்பர் அதிகப் பயன் தருவார். ஒருவரும் இல்லையெனில், இருபது தமிழ்ச் சொற்களை, அதாவது தண்ணீர், பசி, வலி, பயம், அம்மா எப்போது வருவாள் என்பன போன்றவற்றை, மலையாள எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டித் தருமாறு பக்கத்து லயத்துப் பள்ளி மாணவியிடம் கேளுங்கள். நல்ல ஆசிரியை அதை மகிழ்வோடு ஏற்பார்.

அப்படியானால் மலையாளம் வேண்டாவா என்று சிலர் வினவுவர். வேண்டும், மிகவும் வேண்டும். வாழும் நாட்டின் மொழியை அறியாதவன் கடைத்தெருவிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் ஊமை ஆகிவிடுவான். ஆனால் தாய்மொழி நன்கு வேரூன்றிய பிள்ளை, இரண்டாம் மொழியை விளையாட்டுத் தோழர்களிடமிருந்தே விரைவில் பற்றிக்கொள்ளும். தாய்மொழியை அடைத்துவிட்டுப் புதுமொழியைப் புகுத்தினால் இரண்டும் குறைபடும். எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்ணி என்னும் திட்டம் இதற்கு நல்ல சான்று. வட மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, அவர்தம் மொழி அறிந்த தொண்டர்களைக் கொண்டு, முதலில் தாய்மொழியில் விளக்கிப் பின்னர் மலையாளத்துக்கு அழைத்துச் செல்லும் முறையை அத்திட்டம் கைக்கொண்டது. 1956இல் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவும், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயலவேண்டும் என்று மாநிலங்களுக்குக் கூறுகிறது. இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. பிள்ளையைப் பின்னர் எவ்வழியில் படிக்கவைப்பது என்பதை, மழலைப் பள்ளியைத் தேரும்போதே சிந்தித்து வைப்பது நலம்.

மூன்றாவதாகப் பாதையும் இடமும். இம்மலையில் தொலைவை மைல் கணக்கில் மட்டும் அளத்தல் போதாது. கேரளத்தில் பள்ளி ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. அதுவே தென்மேற்குப் பருவமழை இறங்கும் மாதம். காய் எடுப்பும் அதை ஒட்டியே தொடங்குகிறது. கோடையில் எளிதாகத் தோன்றும் ஒற்றையடிப் பாதை, ஆடியில் சறுக்கும். யானை நடமாட்டமும் உண்டு. சாந்தன்பாறை, சின்னக்கானல் பகுதிகளில் வீடுகளையும் நியாயவிலைக் கடையையும் உடைத்துவந்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29ஆம் நாள் வனத்துறையினர் பிடித்து வேறு காட்டுக்கு அனுப்பியதை நாடே அறியும். அந்த ஒரு யானை போனதால் அச்சம் அகன்றுவிட்டது என்று கொள்ளலாகாது. ஆகவே வீட்டுக்கு அண்மையில், ஆள் நடமாட்டமுள்ள வழியில் இருக்கும் எளிய அங்கன்வாடி, தொலைவிலுள்ள பெரிய பள்ளியைவிடச் சிறந்தது. கூரை ஒழுகுகிறதா, தரையில் ஈரம் ஊறுகிறதா, குடிநீரைக் காய்ச்சுகிறார்களா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உண்டா, சுற்றுவேலி உண்டா, மருந்து மூட்டை அடுக்கும் கொட்டகை ஒட்டி இல்லையே என்று பாருங்கள். பாத்திரம் கழுவும் இடத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நான்காவதாக, எழுத்தைப் பற்றிய அவசரம். மூன்று வயதுப் பிள்ளை ஆங்கில எழுத்து இருபத்தாறையும் எழுதிவிட்டால் பெற்றோர் பூரிக்கின்றனர். விரல் எலும்பு முதிராத கையில் எழுதுகோலைத் திணித்து, வீட்டுப்பாடம் கொடுக்கும் பள்ளியை விலக்குங்கள். மண்ணில் விரலால் கோடு கிழிப்பதும், மணி கோப்பதும், களிமண்ணை உருட்டுவதும், காகிதம் கிழிப்பதும் எழுத்துக்கு முன்னோடிகள். அவற்றைச் செய்த கை, காலம் வரும்போது எழுத்தைத் தானே ஏந்தும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரையுள்ள பருவத்தை ஒரே அடித்தளப் பருவமாகக் கொண்டு, விளையாட்டின் வழியே கற்பித்தலையே வற்புறுத்துகிறது. சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கும் பள்ளிகளும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பள்ளிச் சேர்க்கையில் அத்தகைய தேர்வைத் தடை செய்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டமே எனினும், அதன் நியாயம் மூன்று வயதுக் குழந்தைக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். அடித்தோ, இருட்டறையைக் காட்டி அச்சுறுத்தியோ ஒழுங்கு கற்பிக்கும் இடத்தில், ஒரு நாளும் பிள்ளையை விட வேண்டா.

தேர்ந்தபின் பெற்றோரின் கடமை முடிந்துவிடுவதில்லை. காய் எடுப்பு மும்முரமாகும் முன்பே, அதாவது மே மாத இறுதியிலேயே, பிள்ளைக்குப் பள்ளியைப் பழக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் தாயும் உடனிருக்கட்டும். அடுத்த நாட்களில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஏமாற்றி மறைந்து செல்ல வேண்டா; சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சொன்ன நேரத்தில் வாருங்கள். பிள்ளையின் நம்பிக்கை அதில்தான் வேரூன்றுகிறது. மாலையில் களைப்பு மிகுதியாக இருக்கும். ஆயினும் அடுப்பு மூட்டும்போது, இன்றைக்கு யாரோடு விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். கதை சொல்லுங்கள்; சொல்லச் செய்யுங்கள். அதற்குக் காசு வேண்டாம். பள்ளியில் இருந்து சில வாரம் ஆகியும் பிள்ளை அங்கே வாய் திறக்கவில்லை என்று தெரிந்தால், ஆசிரியையைக் கண்டு பேசுங்கள். முன்பு நன்கு பேசிய பிள்ளை வீட்டிலும் ஊமையாகிவிட்டால் அதைச் சிறிதாக எண்ண வேண்டா. காரணத்தைத் தேடியே தீரவேண்டும்.

அருகில் அங்கன்வாடியே இல்லாத குடியிருப்புகளும் உண்டு. அத்தகையோருக்கு ஒரு செய்தி: 6 வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் உள்ள சிற்றூரோ நகரக் குடிசைப் பகுதியோ அங்கன்வாடி இல்லாதிருந்தால், அம்மக்கள் கேட்டுப் பெற உரிமையுடையவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் உத்தரவிட்டது. கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தரவேண்டும் என்பதும் அவ்வுத்தரவின் பகுதி. ஆகவே லயந்தோறும் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டுப் பஞ்சாயத்தில் கொடுங்கள். ஒருவர் சென்றால் வேண்டுகோள். நாற்பது வீட்டார் சென்றால் அதுவே கோரிக்கை.

சாந்தன்பாறையை எடுத்துக்காட்டாகக் கொண்டோமேனும், இவ்வளவும் ஏனைய ஊர்களில் வாழும் தமிழருக்கும் பொருந்துவனவே. பெங்களூரில் கட்டட வேலை செய்வோரும், மும்பைத் தாராவியில் வாழ்வோரும் இதே வினாவைத்தான் எதிர்கொள்கின்றனர். 1969இல் தில்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டு விழாவுக்கான கட்டட வேலை நடந்தபோது, செங்கல் குவியல்களிடையே தொழிலாளர் குழந்தைகள் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அம்மையார், அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைக் காப்பகம் தொடங்கினார். மொபைல் கிரெச்சஸ் என்னும் நிறுவனம் அவ்வாறு பிறந்தது. கூடாரம் போதுமானதாக இருந்தது. ஏனெனில் அங்கே குழந்தையைக் கவனிக்க ஒருவர் இருந்தார்.

நேயர்களே, தேர்வுக்குரிய வழியைச் சுருங்கக் கூறி முடிப்போம். அண்மையிலுள்ள இடத்தைப் பாருங்கள். பாதை பாதுகாப்பானதா என்று பாருங்கள். உணவும் நீரும் தூயனவா என்று பாருங்கள். உங்கள் பிள்ளையின் மொழியை அறிந்தவர் ஒருவரேனும் உண்டா என்று கேளுங்கள். எழுத்தைக் காட்டி மயக்கும் விளம்பரத்தை ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மணி நேரம் அங்கே அமர்ந்து, பிள்ளைகளின் குரல் கேட்கிறதா என்று செவி கொடுங்கள். வெளியூரில் வாழும் தமிழன் தன் உரிமையைக் கேட்கத் தயங்குவதற்கு, வாய்ப்பேச்சு வராமையே பல சமயம் காரணமாகிறது. அந்தத் தயக்கம் அடுத்த தலைமுறைக்கும் செல்லாமற் காக்க வேண்டுமானால், பிள்ளை தன் மனத்திலுள்ளதை அச்சமின்றிச் சொல்லக் கற்கவேண்டும். அக்கல்வி மூன்று வயதில், முற்றத்துப் பள்ளியில், அதன் பேச்சுக்குச் செவி சாய்க்கும் ஓர் ஆசிரியையின் முன்னிலையில் தொடங்குகிறது.